என் அண்ணன் மேல் ஒட்டிய போஸ்டர்

என் அண்ணன் செத்த ஒன்பதாம் நாள், அந்தக் கிரிக்கெட் ஆட்டக்காரர் இனிமேல் ஒரு நாள் ஆட்டம் ஆட மாட்டேன் என்று டிவியில் சொன்னார். எங்கள் தெருவில் அன்றைக்குத்தான் ஆம்பளைகள் அழுததைப் பார்த்தேன்.

அண்ணனுக்கு அப்படி அழவில்லை. கேதம் கேட்க வந்தவர்கள், லாரி எந்தப் பக்கம் இருந்து வந்தது, திருநகருக்கு முன்னாடியா பின்னாடியா, பைக்கில் லைட் எரிந்ததா என்று கேட்டார்கள். காப்பி குடித்தார்கள். போய்விட்டார்கள்.

கோச்சடையில் அந்த ஆட்டக்காரருக்கு மன்றம் ஆரம்பித்ததே அண்ணன்தான். மன்றம் என்றால் ஆபீஸ் எல்லாம் கிடையாது. ஒரு டீக்கடை பெஞ்ச், ஏழெட்டுப் பையன்கள், அண்ணன் தலைவர். அவர் செஞ்சுரி அடித்தால் போஸ்டர், பிறந்தநாள் வந்தால் போஸ்டர். ஒட்டுவதற்கு மைதா மாவு காய்ச்சுவது எங்கள் வீட்டு அடுப்பில்.

"அந்தாளு உனக்கு மாமனா, மச்சானா? அம்புட்டு மாவையும் சுவத்துல பூசுற" என்று அம்மா வையும்.

"கிண்டும்மா. பேசிக்கிட்டே இருந்தா கட்டி விழுந்துரும்" என்பான்.

அவன் போன அன்றைக்கு அந்தப் பையன்களே அவனுக்கும் ஒரு போஸ்டர் அடித்து, தெருமுனைத் தண்ணீர்த் தொட்டிச் சுவரில் ஒட்டினார்கள். மேலே கண்ணீர் அஞ்சலி, நடுவில் அவன் முகம், சுற்றிலும் மாலை, ரெண்டு பக்கமும் குத்துவிளக்கு. வீட்டில் இருந்த ஒரே நல்ல போட்டோவைப் பதினாறாம் நாளுக்காகப் பெரிசு பண்ண ஸ்டுடியோவில் கொடுத்திருந்தோம். அதனால் அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் அந்தச் சுவருக்குத்தான் போக வேண்டும். வாசலிலேயே குழாய் இருந்தும் அம்மா தினமும் குடத்தைத் தூக்கிக்கொண்டு அங்கே போனது. குடம் நிறைந்து வழிந்து சேலை நனைகிற வரைக்கும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நிற்கும்.

பத்தாம் நாள் காலையில் வெறுங்குடத்தோடு திரும்பி வந்தது.

"உங்கண்ணனக் காணோம்டி."

ஓடினேன். அதே கண்ணீர் அஞ்சலி, அதே மாலை, அதே குத்துவிளக்கு. நடுவில் அந்த ஆட்டக்காரர் மட்டையைத் தூக்கிக்கொண்டு சிரித்தார். கீழே 'கண்ணீருடன்' என்று போட்டு மன்றத்துக்காரர்கள் பேர். முதல் பேர், தலைவர் என்று, என் அண்ணன் பேர். நான் எட்டாவதோடு நின்றவள். தப்பாகப் படிக்கிறேனோ என்று எழுத்துக்கூட்டி ரெண்டு தடவை படித்தேன். தப்பாகப் படிக்கவில்லை. செத்தவன் கண்ணீர் விடுகிறான், உயிரோடு இருக்கிறவருக்கு மாலை போட்டிருக்கிறது.

டீக்கடையில் பையன்கள் எல்லாரும் இருந்தார்கள். டிவியில் அவர் அடித்த பழைய சிக்ஸர்களைத் திரும்பத் திரும்பக் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

"யாருண்ணே அத ஒட்டுனது?"

"நாங்கதான் பாப்பா. எல்லாரு கண்ணுலயும் படுற எடம் அதான?" என்றான் அண்ணனோடு ஒண்ணாகவே திரிந்தவன்.

"அங்க எங்கண்ணன் இருந்துச்சுல்ல?"

அவன் டீயைக் கீழே வைத்தான். "வெயில்ல வெளுத்துப்போச்சு பாப்பா. மாப்ள இருந்திருந்தா அவனே மொத ஆளா நின்னு ஒட்டிருப்பான்."

"அவன் பேரத்தான மொதல்ல போட்ருக்கு?" என்றான் இன்னொருத்தன்.

"செத்துப்போனவன் எப்டிண்ணே அஞ்சலி செலுத்துவான்?"

ஒருத்தனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கிளாசுக்குள்ளேயே அடக்கிக்கொண்டான். "கீழ போடுற பேருக்காக பழைய பொறந்தநாள் போஸ்டர பிரஸ்ல குடுத்தோம். அவெய்ங்க அப்டியே அடிச்சுப்புட்டாய்ங்க."

"அவரு ஒரு நாள் ஆட்டத்த மட்டுந்தான விட்ருக்காரு? அஞ்சு நாள் ஆட்டம் ஆடுவாருல்ல?"

"ஆடுவாரு, ஆடுவாரு" என்றான், எனக்கு ஆறுதல் சொல்கிறவன் மாதிரி.

"எங்கண்ணன் எத ஆடும்?"

டீ மாஸ்டர்தான், "வீட்டுக்குப் போம்மா, பொம்பளப்புள்ள இங்க நின்னு சத்தம் போடாத" என்றார்.

நான் வீட்டுக்குப் போகவில்லை. தொட்டிக்குப் போய்க் கையால் தண்ணீரை அள்ளி அள்ளிச் சுவரில் அடித்தேன். மேலே இருப்பதை மட்டும் உரித்தால் அடியில் அண்ணன் இருப்பான் என்று நினைத்தேன். மூலையைப் பிடித்து இழுத்ததும் தோல் உரிகிற மாதிரி வந்தது. ரொம்பச் சுலபமாக வந்தது. பாதி இழுத்த பிறகுதான் பார்த்தேன், அடியில் வெறும் சுவர். ஈர மாவில் ரெண்டு தாளும் ஒண்ணாக ஒட்டிப்போயிருந்தது. அவர்கள் மூடத்தான் செய்தார்கள். கிழித்தது நான்.

திரும்பினால் அம்மா நிற்கிறது. வையவில்லை. கீழே கிடந்த துண்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. ஒரு பக்கம் அந்த ஆட்டக்காரர் சிரிப்பு. மறுபக்கம் சுவர்ச் சுண்ணாம்பு.

"இதுல எம்புள்ள எங்கிட்டுடி இருக்கான்?"

"நடுவுல இருக்கும்மா" என்றேன்.

அம்மா நகத்தால் ஓரத்தைச் சுரண்டிப் பிரித்துப் பார்த்தது. தாள் நைந்து மாவாக விரலில் வந்தது. அதற்கு மேல் சுரண்டவில்லை. இருக்கிறது அப்படியே இருக்கட்டும் என்று முந்தானையில் சுற்றிக்கொண்டு முன்னால் நடந்தது.