பழுது எண் 63

1991 மே 12. வாடகைக் கேசட். 10 ரூபாய். ஓட்டம் 2 மணி 21 நிமிடம் 7 விநாடி.
2008 ஜூன் 3. தட்டு. 250. ஓட்டம் 2 மணி 14 நிமிடம் 2 விநாடி.
2016 ஆகஸ்ட் 20. பழைய கேசட். 900. ஓட்டம் 2 மணி 14 நிமிடம்.
2018 ஜனவரி 9. பழைய கேசட். 1,800. உறைக்குள் வேறு படம்.
2021 மார்ச் 2. கேசட், இரவல். ஓட்டம் 2 மணி 21 நிமிடம் 7 விநாடி.

முதல் வரி என் நோட்டில் உள்ளது. மற்ற நான்கும் எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் குடியிருக்கும் லிஃப்ட் மெக்கானிக் சொல்லி நான் எழுதிக்கொண்டவை. ஐந்தும் ஒரே படத்தைப் பற்றியவை.

படம் ஒரு கலங்கரை விளக்கத்தில் நடக்கும் கதை. மெக்கானிக் தம் இருபத்தொன்றாம் வயதில், நான்கு பேர் தங்கிய அறையில், வாடகைக்கு எடுத்த கேசட்டில் அதைப் பார்த்தார். காவலாளி படுத்த படுக்கையாகிவிட, அவன் மகள் தனியே படியேறிப் போய் விளக்கை ஏற்றுவாள். வசனமே இல்லாத ஏழு நிமிடம். பிறகு டிவிடித் தட்டு வந்தபோது ஆசையாக வாங்கிப் போட்டார். அந்த ஏழு நிமிடம் அதில் இல்லை. தியேட்டரில் ஓடிய படத்திலும் இல்லையாம். கடைசி வெட்டு விழுவதற்கு முன்பிருந்த பிரதி எப்படியோ கேசட் கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. ஒரு வருடம் விற்று நின்றுவிட்டது. இதை அவர் சொன்னபோது யாரும் நம்பவில்லை. கூட வேலை செய்தவர்கள் அவருக்கு ‘ஏழு நிமிஷம்’ என்று பெயர் வைத்தார்கள். லிஃப்ட் நின்றுபோய் அவரைக் கூப்பிட்டால், “வர்றேன், ஏழு நிமிஷம்” என்று அவரே சொல்லும் அளவுக்கு அது ஒட்டிக்கொண்டது.

எனக்கு அவர் பழக்கமானதும் லிஃப்டால்தான். நான் நீரேற்று நிலையத்தில் முப்பத்து நான்கு வருடம் மணிக்கொரு முறை நீர்மட்டம் குறித்தவன். ஒருநாள் லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டேன். கதவைத் திறந்துவிட்டவரிடம், “இருபத்து மூணு நிமிஷம், பத்து விநாடி” என்றேன்.

“விநாடி வரைக்குமா சார்?” என்று சிரித்தார். “இப்படி வேற எதையெல்லாம் எழுதி வெச்சிருக்கீங்க?”

பார்த்த படங்களின் நீளத்தையும் எழுதி வைப்பதாகச் சொன்னேன். அவர் கையிலிருந்த ஸ்பேனர் அப்படியே நின்றது. அன்று மாலையே என் வீட்டுக்கு வந்து 1991ஆம் வருட நோட்டைப் புரட்டினார். மே 12ஐக் கண்டதும் அந்த வரியில் விரலை வைத்துக்கொண்டு, “நான் பொய் சொல்லல சார், பாத்தீங்களா” என்றார். காப்பி போட்டுக் கொடுத்தேன்.

அந்த ஒரு வரியைப் படமெடுத்து, பழைய படங்களின் கேசட் பதிப்புகளைத் தேடிச் சேர்க்கும் ஒரு குழுவுக்கு அனுப்பினார். ஆளுக்கொரு ஊரில் இருப்பவர்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. அவர்களில் ஒருவர் மூலமாகத்தான் வெளியூரில் மருந்துக்கடை நடத்தும் ஓர் அம்மாள் தெரியவந்தார். கணவர் இறந்து பத்து வருடம் ஆகிறது. வீட்டில் அந்தக் கேசட் இருக்கிறது, ஆனால் பூஞ்சை பிடித்திருக்கிறது, போட்டுப் பார்க்கப் பயமாக இருக்கிறது என்று எழுதியிருந்தார். ‘கேசட் பிழைக்காமல் போகலாம். ஆனால் உள்ளே இருப்பதைச் சுத்தமாக எடுத்துத் தருகிறேன்’ என்று மெக்கானிக் பதில் போட்டார். மார்ச் 2 அன்று பார்சல் வந்தது.

அவர் கேசட்டைத் திறந்து, நாடாவைச் சாண் சாணாகத் துடைத்து முடிக்கப் பத்து நாள் ஆனது. மார்ச் 14, ஞாயிறு காலை, அதைப் பிளேயரில் போட்டு, கணினியில் பதிவாகும்படி கம்பியைச் செருகினார். பக்கத்தில் உட்கார்ந்து, எந்த நிமிடத்தில் என்ன பழுது என்று பட்டியல் எழுத என்னைக் கேட்டுக்கொண்டார். படத்தில் கோடு, நிற மங்கல், ஒலியில் இரைச்சல் என்று மொத்தம் 118 பழுது எழுதினேன்.

அவர் மனைவி பள்ளியில் கணக்கு டீச்சர். கதவோரம் நின்று பார்த்துவிட்டு, “அந்த ஏழு நிமிஷத்துக்காக வருஷக்கணக்கா இந்த ஹால்ல கால் வைக்க இடமில்ல சார். இன்னிக்காவது அந்தப் பொண்ணு விளக்கை ஏத்தித் தொலைக்கட்டும்” என்றார். விளக்கு ஏறும் காட்சி வந்தபோது அவரும் வந்து தரையில் உட்கார்ந்தார்.

இன்னொரு முறை ஓட்டினால் படம் இன்னும் நன்றாக வரும் என்று மெக்கானிக்குக் கை அரித்தது. ஓட்டினார். பதினோராவது நிமிடத்தில் நாடா உள்ளே சிக்கிக் கசங்கியது. முதல் ஓட்டத்தில் எடுத்தது போதும் என்று தேற்றிக்கொண்டார்.

ஆறு மாதம், வேலை முடிந்து வந்து, பட்டியலைப் பார்த்து ஒவ்வொரு பழுதாக நீக்கினார். ஒலி கெட்ட இடங்களில் தட்டிலிருந்து ஒலி எடுத்து ஒட்டினார். செப்டம்பர் 5 அன்று முடித்தார். குழுவில் அன்று அவர்தான் மாப்பிள்ளை. கணினியில் இடம் போதாததால் முதலில் எடுத்த மூலப் பதிவை அழித்தார். செப்டம்பர் 8 அன்று அம்மாளுக்குச் சுத்தமான பிரதி போனது.

16ஆம் தேதி அவர் பதில் வந்தது. ‘படம் கண்ணாடி மாதிரி இருக்கிறது. ரொம்ப நன்றி. நடுவில் என் வீட்டுக்காரர் பேசுவாரே, அது எந்த இடம் என்று மறந்துவிட்டது. மூன்று தடவை பார்த்தும் கிடைக்கவில்லை. அவர் குரல் எங்களிடம் வேறு எதிலும் இல்லை. எத்தனையாவது நிமிடம் என்று மட்டும் எழுதவும்.’

மெக்கானிக் அந்தக் கடிதத்துடன் கீழே வந்து, என் வீட்டு வாசலிலேயே நின்றார்.

“பழுது அறுபத்து மூணு” என்றார்.

எனக்கும் அதுதான் நினைவுக்கு வந்தது. அந்தக் காலத்துப் பிளேயர்கள் சிலவற்றில், படத்தை விட்டுவிட்டு ஒலியை மட்டும் மாற்றிப் பதிய ஒரு பொத்தான் உண்டு. யாரோ விளையாட்டாக அதை அழுத்தி, படத்தின் ஒலி போய், வீட்டுப் பேச்சு பதிந்திருந்தது. நான் அதைப் பழுது என்று எழுதினேன். அவர் நீக்கினார். இரண்டு பேருக்கும் ஒரு கணம்கூடச் சந்தேகம் வரவில்லை.

அழித்த பதிவை மீட்க முடியுமா என்று மூன்று கடைகளில் கேட்டார். முடியவில்லை. கசங்கிய இடத்தை வெட்டி ஒட்டி நாடாவைப் போட்டபோது, ஆறு மாதத்தில் மிச்ச நீளமும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்ததால் கிழிந்தது.

“அந்த எடம் பூஞ்சைல போயிடுச்சுன்னு எழுதிடவா சார்?” என்று கேட்டார்.

நான் வாய் திறப்பதற்குள், அவர் கூடவே வந்திருந்த டீச்சர் முந்திக்கொண்டார். “ஏங்க, ஏழு நிமிஷத்தைக் காணோம்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்ச ஆளு நீங்க. அவங்களோட நாப்பத்தொரு விநாடியைத் தூக்கிப் போட்டுட்டு, பூஞ்சை மேல பழியா?”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். நான் நோட்டை எடுத்தேன்.

‘பழுது 63. 1:07:12 முதல் 1:07:53 வரை. படத்தின் ஒலி இல்லை. நாற்காலி இழுபடுகிறது. ஆண்: இதை அமுக்கினா என்ன ஆகும்னு பாக்கறேன், இரு. ஒரு பெண் சிரிக்கிறாள், 4 விநாடி. ஆண்: சிரிக்காத, எல்லாம் பதிவாகுது. இருமல், இரண்டு. ஆண்: இந்தப் பொண்ணு அந்த லெட்டரை இன்னுமா படிக்கிறா? நீயா இருந்தா இந்நேரம் பதிலே போட்டிருப்ப. பேச்சில்லை, 9 விநாடி. ஆண்: சரி, நிறுத்தறேன்.’

ஒவ்வொன்றுக்கும் எதிரே விநாடி குறித்திருந்தேன். மெக்கானிக் இரண்டு முறை படித்தார்.

“இதை நானே பேசிப் பதிஞ்சு…” என்று ஆரம்பித்தார்.

“உங்க குரல்ல அவங்க வீட்டுக்காரரா?” என்றார் டீச்சர். “அந்தம்மா தட்டை உடைச்சுப் போட்டுடுவாங்க. வாயை மூடிக்கிட்டு எழுத்தாப் போடுங்க.”

அப்படியே செய்தார். 1:07:12இல் படத்தின் ஒலியை நிறுத்தினார். மகள் கடிதம் படித்துக்கொண்டிருக்கும் படம் மட்டும் ஓடியது. கீழே, நோட்டில் குறித்த அதே விநாடிகளில், அந்த வார்த்தைகள் வெள்ளை எழுத்தில் வந்து வந்து போயின. ஒன்பது விநாடி எழுத்தும் இல்லை, ஒலியும் இல்லை. பிறகு ‘சரி, நிறுத்தறேன்.’ அடுத்த விநாடி கடல் சத்தம் திரும்பியது. மூவரும் ஒரு முறை பார்த்தோம். டீச்சர் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார்.

மெக்கானிக் நடந்ததை ஒளிக்காமல் ஒரு கடிதத்தில் எழுதினார். பழுது என்று நினைத்தது என் தவறும்தான் என்று அடியில் நானும் ஒரு வரி எழுதிக் கையெழுத்திட்டேன். அக்டோபர் 11 அன்று தட்டும் கடிதமும் போயின. குழுவின் பட்டியலில் இந்தப் படத்துக்கு இப்போது மூன்று பதிப்புகள்: தியேட்டர், கேசட், மருந்துக்கடை. மூன்றாவதற்கு நேரே ‘பிரதி ஒன்று, கைமாறாது’ என்று அவரே எழுதி வைத்தார்.

அதற்குப் பிறகு அவர் தினமும் வேலையிலிருந்து வந்ததும் கீழே இருக்கும் தபால் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் மேலே ஏறினார். தாமே பழுது பார்க்கும் லிஃப்டில் ஏறாமல் படியில் போனார்.

பதில் ஒரே பக்கம். குரல் போனது வருத்தம்தான், இல்லையென்று சொல்ல மாட்டேன் என்று தொடங்கியிருந்தது. இருமல் இரண்டு என்று குறித்திருப்பது சரி, அவர் ஒரு முறை இருமி நிறுத்தவே மாட்டார் என்று எழுதியிருந்தார். அந்த ஒன்பது விநாடியில் அவர் தம் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்ததாகவும், எழுத்து ஓடும்போது அந்த அறை முழுவதும் தமக்குக் கேட்டதாகவும் எழுதியிருந்தார். கடைசியில் ஒரு திருத்தம் கேட்டிருந்தார்: ‘ஒரு பெண் சிரிக்கிறாள் என்று போட்டிருக்கிறீர்கள். அது நான்தான். தயவுசெய்து மாற்றவும்.’

மெக்கானிக் அன்றே மாற்றினார். நானும் நோட்டில் ‘ஒரு பெண்’ என்பதை ஒற்றைக் கோட்டால் அடித்து, மேலே ‘மனைவி’ என்று எழுதினேன். தலைப்பில் இருந்த ‘பழுது’ என்ற சொல்லையும் அடித்தேன். திருத்தத்துக்கு ஆதாரம் என்று ஓரத்தில், கடிதம் வந்து சேர்ந்த தேதியைக் குறித்தேன்: 2021 அக்டோபர் 20.