நான் படத்தில் அடைத்த கதவு

காயல்பட்டினத்தில் அந்த வீட்டு வாசலில் நின்றபோது, அளவு நாடாவின் தோல் உறை என் உள்ளங்கை வியர்வையில் நனைந்திருந்தது. ஐம்பதடி நாடா. அதைத் தனியாக விரித்து ஒரு வீட்டை அளக்கப் போவது எனக்கு அதுதான் முதல் தடவை. கதவைத் தட்டவே பயமாக இருந்தது. தட்டியதும் உள்ளேயிருந்து ஒரு பெண்குரல், "யாரு, பிளான் போட வந்த புள்ளையா? கூட ஆம்பளை யாரும் வரலையே?" என்று கேட்டது. வரவில்லை என்றேன். கதவு திறந்தது. திறந்தவரை ஊர் வழக்கப்படி லாத்தா என்று அழைத்தேன். அக்கா என்று பொருள்.

எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். அப்பா தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குச் சரக்கேற்றிப் போகும் தோணிக்குத் தண்டல். நட்சத்திரத்தைப் பார்த்துத் தோணியை நடத்துவார். தன் பெயரை எழுதத் தெரியாது. நான் கட்டடக்கலையில் டிப்ளமோ முடித்துவிட்டு வந்தபோது புதுத் துறைமுகத்துக்கான வேலைகள் ஊரெங்கும் நடந்துகொண்டிருந்தன. படம் வரைகிறவர்களுக்குக் கிராக்கி என்றார்கள். நம்பி விண்ணப்பித்தேன். ஒரு கட்டுமானக் கம்பெனியில், "கடலுக்குள்ள கல்லு கொட்டுற எடத்துக்கெல்லாம் போகணுமேம்மா, போவியா?" என்று கேட்டார்கள். தண்டல் மகளைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா! போவேன் என்றேன். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேரும் சிரித்தார்கள். எட்டு மாதம் இப்படியே போனது. ஒவ்வொரு நடை முடிந்து கரையேறியதும் அப்பா கேட்கிற முதல் கேள்வி, "ஏளா, கடுதாசி வந்துச்சா?" அந்தக் கேள்விக்குப் பயந்தே, அவர் வரும் நாட்களில் கோயிலுக்குப் போவதாகச் சொல்லி வெளியே நிற்பேன்.

கடைசியில் வீடுகளுக்குப் படம் போட்டு நகராட்சி அனுமதி வாங்கித் தரும் ஒரு இன்ஜினியர் என்னை எடுத்துக்கொண்டார். காரணத்தையும் மறைக்கவில்லை. "காயல்ல வீட்டுக்குள்ள நம்ம ஆம்பளை ஆளுகள அளக்க விட மாட்டாங்க. அதுக்குத்தான் ஒன்ன எடுக்கேன். மூணு மாசம் பாப்போம். சரிப்படலன்னா சொல்லிருவேன், மனசுல வச்சிக்கிடக் கூடாது, என்ன?" என்றார். சரி சார் என்றேன். அன்றிலிருந்து காலண்டரைப் பார்க்கவே பயந்தேன்.

லாத்தாவின் கணவர் கொழும்பில் வியாபாரம் செய்தார். அந்த ஊரில் வீடு மகளுக்குத்தான். மகளுக்கு நிக்காஹ் வருகிறது. அதற்குள் மாடியில் ஓர் அறையும் படிக்கட்டும் வேண்டும். லாத்தா நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு அறை அறையாக என்னோடு நடந்தார். பின்கட்டுச் சுவரில் சின்னதாக ஒரு கதவு இருந்தது. எங்கள் தெருவில் பின்கதவு என்றால் மீன் கழுவிய தண்ணீரை ஊற்றத்தான். இது எதற்கு என்று நான் கேட்கவில்லை. படித்தவள் இதையெல்லாம் கேட்டால் என்ன நினைப்பார்கள் என்று இருந்தது. படிக்கட்டுக்கு அந்தச் சுவர் தோதாக இருந்ததால், படத்தில் கதவை அடைத்துவிட்டேன். லாத்தாவின் தம்பி அலுவலகத்துக்கு வந்து படத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். அவர் ஆண்; அந்தக் கதவு வழியாக ஒருநாளும் போனதில்லை என்பது அப்போது எனக்குத் தெரியாது. நகராட்சி அனுமதியும் வந்துவிட்டது.

கொத்தனார் வேலை தொடங்குவதற்கு முதல்நாள், விடுபட்ட ஓர் அளவுக்காக மறுபடி போனேன். பின்கட்டில் குனிந்து அளந்துகொண்டிருக்கும்போது அந்தச் சின்னக் கதவு திறந்தது. பக்கத்து வீட்டுப் பெண் ஒருவர் மூடிய தட்டோடு வந்தார். அவர் பின்னால் இன்னொருவர். பிறகு இரண்டு சிறுமிகள். யாரும் தெருவில் கால் வைக்கவில்லை. வீட்டுக்கு வீடு பெண்கள் போய்வரும் வழியே அதுதான். அந்த வழியைத்தான் நான் படத்தில் அடைத்திருந்தேன். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

வந்தவர்கள் போன பிறகு லாத்தாவிடம் சொன்னேன். அழுதுகொண்டே சொன்னேன். அவர் முதலில் திகைத்தார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "ஏளா, நாளைக்கு மாப்பிள்ளை வீட்டுப் பொம்பளைங்க எல்லாம் மாடி ஏறிக் குதிச்சா வரணும்? நல்லாப் படிச்சே போ!" அப்புறம் என் முகத்தைப் பார்த்தார். "வேலையை விட்டு எடுத்துருவாங்களா?" தலையாட்டினேன். "அப்போ ஒண்ணு செய். முதல்ல அடைக்கச் சொன்னதும் லாத்தாதான், இப்போ வேண்டாங்குறதும் லாத்தாதான்னு போய்ச் சொல்லு. என்னை யாரு வந்து கேக்கப் போறா?"

திரும்பும் பஸ்ஸில் உண்மையைச் சொல்லிவிடுவது என்று நான்கைந்து தடவை முடிவு செய்தேன். இன்ஜினியர் முன்னால் நின்றதும் லாத்தா சொல்லித் தந்ததையே சொன்னேன். அவர் பேனாவை வைத்தார். "அனுமதி வந்த பெறகா? இந்தப் பொம்பளைகளுக்கு ஒரு புத்தி நெலையா நிக்காது பாத்துக்க. நீ சரியாத்தானே போட்டிருக்க, ஒன்னக் குத்தம் சொல்ல ஒண்ணுமில்ல. கொத்தனார நிறுத்தச் சொல்லுதேன், நீ மாத்திக் கொடு" என்றார். எனக்காகப் பொய்யை ஏற்ற ஒருத்தியை அவர் ஏச, நான் தலை குனிந்து நின்றேன். டிரேசிங் தாளில் மையைப் பிளேடால் சுரண்டும்போது தாள் கிழிந்தது. முழுப் படத்தையும் புதிதாக வரைந்தேன்.

மூன்று மாதம் முடிந்ததும் வேலை நிலைத்தது. அப்பாவுக்குக் கடுதாசி காட்டினேன். தலைகீழாகப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். நான்கு ஆண்டுகள் ஆகின்றன. காயலில் மட்டும் பதினோரு வீடுகளுக்குப் படம் போட்டிருக்கிறேன். பாலிடெக்னிக் முடித்த பெண்கள் இப்போது என்னைத் தேடி வந்து, "அக்கா, உங்களுக்கு வேலை எப்படிக் கிடைச்சுது?" என்று கேட்கிறார்கள். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதியுங்கள், வரைந்த படங்களைக் கையோடு கொண்டுபோங்கள் என்று சொல்கிறேன். எப்படி நிலைத்தது என்று அவர்கள் கேட்பதில்லை. கேட்காதவரை நிம்மதி என்று இருந்தேன்.

இன்ஜினியர் இந்தப் பத்திரிகைக்குச் சந்தாதாரர். வந்த அன்றைக்கே மதியம், என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து, முதல் பக்கத்திலிருந்து படிப்பார். இதையும் அப்படித்தான் படிப்பார். லாத்தாவின் புத்தி நிலையாகத்தான் இருந்தது, சார். தப்பு என்னுடையது.