கவ்வாத்துக்காரர்கள் தீட்டிய சங்கிலி

பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றில் என் அக்கா குடியிருக்கிறாள். அவள் இருக்கும் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் ஒரு யூக்கலிப்டஸ் மரம் நின்றது. மண் சரிந்து ஒரு பக்கத்து வேர் வெளியே தெரிந்த பிறகு, மரம் லயத்தின் கடைசிக் காம்பராவை நோக்கிச் சாயத் தொடங்கியது. அந்தக் கடைசி வீடு அக்காவுடையது. காற்றுக் காலத்துக்கு முன் மரத்தை இறக்க வேண்டும். இல்லாவிட்டால் அது தானாகவே கூரை மேல் இறங்கும். அக்கா காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் சொன்னாள், சங்கத் தலைவரிடம் சொன்னாள், கோயில் கமிட்டியிடமும் சொன்னாள். ஒவ்வொருவரும் வந்து அண்ணாந்து பார்த்து, "ஆமாங்க, சாஞ்சுதான் இருக்கு" என்று உறுதிப்படுத்திவிட்டுப் போனார்கள்.

நான் ஹட்டனில், மரம் அறுக்கும் செயின்சோக்களை விற்றுப் பழுதுபார்க்கும் கடையொன்றில் வேலை செய்கிறேன். அதற்கு முன் கொழும்பில் ஒரு பத்திரிகையில் செய்தி திருத்திக்கொண்டிருந்தேன். கடைக்கு வருபவர் முதலில் கேட்பது பட்டையின் நீளத்தை. சங்கிலி சுற்றி ஓடும் அந்த இரும்புப் பட்டை நீண்டிருந்தால் மெசினும் பலமானது என்பது ஊர் நம்பிக்கை. சிறிய எஞ்சினில் நீண்ட பட்டையைப் பூட்டினால் எஞ்சின் முக்கும், சங்கிலி நகராது. அடுத்து, கையில் தூக்கிப் பார்ப்பார். பாரம் குறைவென்றால் முகம் மலரும். உலோகம் இருக்க வேண்டிய இடத்தில் பிளாஸ்டிக் இருப்பதால்தான் பாரம் குறைவு என்று சொன்னால், அதை யாவாரப் பேச்சு என்று ஒதுக்கிவிடுவார். மூன்றாவது, நிறம். நாள் முழுக்க ஓடுமா, உதிரிப்பாகம் இந்த மலையில் கிடைக்குமா, பழுதானால் யார் கழற்றுவது என்று கேட்டவர்களை எண்ண எனக்கு ஒரு கை போதும்.

அக்காவின் தோட்டத்தை நிர்வகிக்கும் துரையும், கடைசியில் மரம் இறக்க மெசின் தேடிக் கடைக்கு வந்தார். இளைஞர், பட்டதாரி. தமிழ் பேசுவார். ஆனால் அவருடைய தமிழில் ஏவல் வினையைத் தவிர வேறு வினை கிடையாது.

"பெரிசு காட்டு. பாரம் இல்லாதது காட்டு."

நான் பாரமான ஒன்றை எடுத்து மேசையில் வைத்தேன். பட்டை குட்டை. "கேங் வேலைக்கு இதுதாங்க சரி. ஒரே மாதிரி ரெண்டு எடுங்க. ஒன்னு கெட்டா அதோட சாமான் மத்ததுக்கு உதவும். கூட மூனு சங்கிலி, உருண்டை அரம், பெட்ரோல்ல கலக்குற ஒயில்."

"அரம் எதுக்கு?"

"சங்கிலி தீட்டத்தாங்க. பெட்ரோல் ஊத்துறப்பல்லாம் ஒவ்வொரு பல்லையும் ரெண்டு இழுப்பு இழுக்கணும். காத்து வடிகட்டியத் தினமும் தட்டணும். பட்டையோட காடியில தூள் அடைக்கும், அதையும் சுரண்டணும்."

"தினமும் வேலை கேட்டா அது கெட்ட மெசின். நல்ல மெசினுக்கு ஒன்னும் வேணாம்."

தினமும் முகம் மழித்து, தினமும் ஜீப்பைக் கழுவச் சொல்லி வரும் மனிதர் இதைச் சொன்னார். பிறகு வேறெங்கோ போய், நீண்ட பட்டையும் குறைந்த பாரமும் கொண்ட ஒன்றை வாங்கினார். அதனோடு ஒரு தொப்பி இலவசம்.

மெசின் வந்த பின் ஆள் தேட வேண்டியிருந்தது. தோட்டத்தில் எல்லா வேலைக்கும் பெயர் உண்டு: கொழுந்து, கவ்வாத்து, கான்வெட்டு, புல்லுவெட்டு. மெசினால் மரம் இறக்குவதற்குப் பெயர் இல்லை. அதை வெளியாட்கள் வந்து செய்வதே வழக்கம். பெயரில்லாத வேலைக்குப் பெரட்டில் ஆள் பிரிக்க முடியாது. வெளிவேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு சிறிது யோசித்து, "பெரிய கவ்வாத்து" என்று கூப்பிட்டார். தேயிலைச் செடியைக் கத்தியால் வெட்டித் தாழ்த்துவதுதான் கவ்வாத்து. கண்டாக்கு வாயில் வந்த அந்த ஒரு சொல்லால், தேயிலைச் செடிக்கு மேல் எதையும் வெட்டியறியாத நால்வர் மரம்வெட்டிகள் ஆனார்கள். அவர்கள் மறுக்கவில்லை. கவ்வாத்துக்காரனுக்குத் தன் கத்தியைப் பற்றி இருக்கும் கர்வம் மாப்பிள்ளைக் கோலத்தில் இருப்பவனுக்குக்கூட இராது. கண்டாக்கு நால்வரையும் மெசினோடு நிறுத்திப் படம் எடுத்து, கம்பனியின் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பினார்.

மரம் வெட்டும் நாளன்று நான் லீவு போட்டுவிட்டுப் போனேன். லயத்து வாசலில் நால்வரும் சங்கிலியைக் கழற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் கையில் இருந்தது அரம் அல்ல. கவ்வாத்துக் கத்தி தீட்டும் கல். சங்கிலியின் பற்கள் இடமும் வலமுமாக மாறி மாறி நிற்கும். அதனால் இருவர் எதிரெதிரே அமர்ந்து, ஆளுக்கொரு பக்கமாகப் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவர் பொறுமைசாலி, தேய்த்துக்கொண்டே இருந்தார். மற்றவர் பாதியில் வெற்றிலை போடப் போய்விட்டார்.

பொறுமைசாலி ஒரு பல்லால் தன் முன்கை மயிரை வழித்துக் காட்டினார். "பாருங்கண்ணே. முடி நிக்குதா?"

"கல்லுல தீட்டக்கூடாதுங்க. ரெண்டு பக்கப் பல்லும் ஒரே அளவா இருக்கணும்."

"நாங்க கத்தி புடிச்ச காலத்துல நீங்க கொழும்புல பேப்பர் படிச்சுக்கிட்டு இருந்தீங்க."

"விடு மாமா," என்றார் வெற்றிலைக்காரர். "அவரு கடையில யாவாரம் ஆகலேன்னு வயித்தெரிச்சல்."

மயிரை வழிக்கும் பல் மரத்தை அறுக்காது. அத்தனை மெல்லிய முனை, மண்ணேறிய மரப்பட்டையில் பட்டதும் மடங்கிவிடும். நான் இதைக் கண்டாக்கிடம் சொன்னேன். "தொரை ஓடருங்க" என்றார். மலைநாட்டில் எந்த வாதத்தையும் முடித்துவைக்கத் துரை, உத்தரவு என்ற அந்த இரண்டு சொல் போதும்; மூன்றாவது சொல் இன்னும் பிறக்கவில்லை.

அக்காவை வெளியே வரச் சொன்னேன். அடுப்பில் சோறு இருக்கிறது என்றாள். கையைப் பிடித்து இழுத்துத்தான் கொண்டுவந்தேன்.

மரத்தின் மேற்பாகத்தில் கயிறு கட்டி, சரிவுக்கு அந்தப் பக்கம் நின்ற இன்னொரு மரத்தோடு இழுத்திருந்தார்கள். அது ஒன்றுதான் அன்று சரியாக நடந்த காரியம். மரம் விழ வேண்டிய தேயிலைப் பக்கம் முதலில் வாய்போல ஒரு வெட்டுப் போட்டபோதே சங்கிலி மழுங்கிவிட்டது; செதில் பறப்பதற்குப் பதிலாக மாவு கொட்டியது. பிறகு பின்பக்கம் அறுத்தார்கள். பொறுமைசாலி தேய்த்த பற்கள் குட்டை, வெற்றிலைக்காரர் விட்டுப்போன பற்கள் நீளம். வெட்டு நேராகப் போகாமல் நீண்ட பற்களின் பக்கமாக வளைந்து இறங்கியது. அழுத்தினார்கள். புகை வந்தது. இன்னும் அழுத்தினார்கள். மரம் ஒரு முனகலோடு லயத்துப் பக்கம் சற்றுப் பின்வாங்கி, வெட்டுக்குள் இருந்த மெசின் பட்டையின் மேல் உட்கார்ந்துகொண்டது. எஞ்சின் நின்றது. காலையில் சாய்ந்து மட்டும் நின்ற மரம், இப்போது பாதி அறுபட்டு, ஒரு கயிற்றை நம்பி நின்றது.

ஜீப்பில் வந்த துரை இறங்காமலே பார்த்தார். "மெசின் நல்லது. ஆள் சரியில்லை." ஜீப் போய்விட்டது.

"எல்லாரும் பிள்ளைக்காம்பராவுக்குப் போங்க," என்றார் கண்டாக்கு, தோட்டத்துக் குழந்தைக் காப்பகம் இருந்த பக்கம் கைகாட்டி. "நாளைக்குப் பாப்போம்."

அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "நாளைக்குன்னு மரத்துக்கிட்டயும் சொல்லிட்டீங்களாங்க?"

எங்கள் கடைக்கு வழக்கமாக வரும் சிங்கள மர முதலாளி ஒருவர் பக்கத்துத் தோட்டத்தில் வேலையாக இருந்தார். அவருக்குப் போன் செய்தேன். கூலியாக அடிமரத்தைக் கேட்டார். கண்டாக்கு வேண்டா வெறுப்பாகத் தலையசைத்தார். முதலாளி மூன்று ஆட்களோடு வந்தார். அவருடைய மெசினில் சாயம் போய் உலோகம் வெளுத்திருந்தது, பட்டை குட்டை, மாற்றுச் சங்கிலிகள் ஒரு பால்மா டின்னில் ஒயிலுக்குள் கிடந்தன. அவர் குனிந்து வெட்டைப் பார்த்துவிட்டு, தம்பி என்று சிங்களத்தில் என்னைக் கூப்பிட்டார்.

"மல்லி, இது யாரு வெட்டினது? எலியா?"

"கவ்வாத்துக்காரங்க."

"அதானே. எலின்னா நேரா வெட்டும்."

கவ்வாத்துக்காரர்கள் சிரிக்கவில்லை. முதலாளியின் ஆட்கள் கயிற்றை இறுக்கினார்கள், பின்வெட்டில் ஆப்புகளை அடித்தார்கள், சிக்கிய பட்டைக்கு மேலே புதிதாக அறுத்தார்கள். ஒவ்வொரு அடிக்கும் மரம் லயத்தை விட்டு ஒரு விரற்கடை விலகியது. பின்பு மொத்தமாகச் சரிவின் பக்கம் திரும்பி, தேயிலை மேல் விழுந்தது. அக்காவின் கூரையில் இலைகள் மட்டும் உதிர்ந்தன.

சத்தம் கேட்டுத் துரை திரும்ப வந்தார். இம்முறை இறங்கினார். நசுங்கிய தேயிலைச் செடிகளை வரிசை வரிசையாகப் பார்த்தார். லயத்தின் பக்கம் தலையைத் திருப்பவேயில்லை.

அவர் போன பின் அக்கா ஒரு கிளையைப் பிடித்து இழுத்தாள். கண்டாக்கு ஓடி வந்தார்.

"அதெல்லாம் தோட்டத்துச் சொத்து. தொடாதீங்க."

"மேல விழப் போறப்ப எங்க மரம். விழுந்த பொறகு தோட்டத்து மரமா?"

கண்டாக்கு பதிலுக்குக் காத்திருப்பவர்போல என்னைப் பார்த்தார். நான் விழுந்த மரத்தைப் பார்த்தேன். மற்றக் காம்பராப் பெண்களும் ஒவ்வொருவராகச் சரிவில் இறங்க, அவர் போனைக் காதில் வைத்தபடி ரோட்டுப் பக்கம் நடந்தார். போன் அடிக்கவில்லை.

"என்னா பாத்துக்கிட்டு நிக்கிற?" என்றாள் அக்கா. "அந்தப் பக்கம் புடி."