ஜன்னல் வழியாக ஏறிய கேட்டுக்காரர்

ஒரகடத்தில் எங்கள் கம்பெனி கேட்டில் செந்தமிழன் நின்றால், சாப்பாட்டு டப்பாவைக்கூடத் திறந்து காட்டிவிட்டுத்தான் வெளியே போக வேண்டும். நானும் அவரும் ஒரே செக்யூரிட்டி ஏஜென்சி ஆட்கள். மனுஷன் கெட்டவர் இல்லை. ஆனால் யாரையும் நம்பமாட்டார். போன மாதம் லைனில் வேலை செய்யும் எழிலரசியின் பையில் ஒரு ஜோடி புதுக் கையுறை இருந்தது. கடையில் வாங்கியது என்றாள். இவர் எல்லோர் எதிரிலும் பையைக் கவிழ்த்துக் கொட்டச் சொல்லி, ரிப்போர்ட் எழுதி, அவளுக்கு வார்னிங் வாங்கிக் கொடுத்தார்.

வாலாஜாபாத் பக்கம் அவருக்குச் சொந்த வீடு. மாடியில் திருநெல்வேலிப் பையன்கள் வாடகைக்கு இருக்கிறார்கள். கீழே கார் ஷெட். ஷெட்டில் ஸ்பேனர் காணோம், டார்ச் காணோம் என்றால் பையன்கள் மேல்தான் அவருக்குக் கண். டார்ச் பிறகு கார் சீட்டுக்கு அடியில் கிடைத்தது. பயந்துபோய் அவர்களே கொண்டுவந்து போட்டுவிட்டார்கள் என்றார். கடைசியில் ஷெட்டுக்குள் பெரிய அலமாரி அடித்துப் பூட்டு போடுவது என்று முடிவு செய்தார்.

லீவு நாளில் தண்டலத்தில் ஒரு கடைக்குப் போனார். வரி மிச்சமாகட்டும் என்று பில் இல்லாமல் மூன்று பிளைவுட் பலகை வாங்கினார். குட்டி யானை வண்டியில் ஏற்றி அனுப்புகிறேன் என்றார் கடைக்காரர். வழியில் மட்டமான பலகையாக மாற்றிவிடுவான் என்று இவருக்கு எண்ணம். தன் பழைய காரின் கூரையில் போர்வையை விரித்து, பலகைகளைப் போட்டு, கயிற்றை ஜன்னல்களுக்குள் விட்டு வெளியே எடுத்து இறுக்கிக் கட்டினார். கட்டி முடித்த பிறகுதான் கதவு எதுவும் திறக்காது என்று தெரிந்தது. ஐம்பது வயதுக்கு மேல் மனுஷன் ஜன்னல் வழியாக உள்ளே போயிருக்கிறார்.

ஒரகடம் பாலத்தில் காற்று பலகையைத் தூக்க ஆரம்பித்தது. ரோட்டோரம் நிறுத்திக் கயிற்றை இறுக்கியிருக்கலாம். அங்கே எவனாவது உருவிக்கொண்டு போய்விட்டால்? நேராகக் கம்பெனிக்கு வந்தார். நான் ஒரு லாரிக்கு அடியில் கண்ணாடி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த நேரம். அவரே ஜன்னல் வழியாகக் கை நீட்டித் தடுப்புக் கம்பத்தைத் தூக்கிவிட்டு உள்ளே போய்விட்டார். கயிற்றை இறுக்கினார், கேன்டீனில் சாப்பிட்டார்.

காரோடு கேட்டுக்குத் திரும்பி வந்தபோது முதல் ஷிப்ட் விட்டிருந்தது. கேட்டில் சூப்பர்வைசர் மணிகண்டபிரபு நின்றிருந்தார். அந்த வாரம்தான் இறக்குமதி மிஷின் பெட்டிகளைப் பிரித்துப் போட்ட பிளைவுட் யார்டில் குறைகிறது என்று புகார். பிடிபடுகிறவனுக்கு வேலை போகும், போலீசும் வரும் என்று மேலிடத்தில் சொல்லியிருந்தார்கள். புகார் கொடுத்ததே செந்தமிழன்தான்.

"பலகை உள்ள வந்ததுக்கு என்ட்ரி எங்கண்ணே?" என்றார் மணிகண்டபிரபு.

"வெளியருந்துதான் சார் எடுத்தாந்தேன். காசியக் கேளுங்க," என்று என்னைக் காட்டினார்.

"நான் பாக்கலண்ணா," என்றேன். வேறென்ன சொல்ல முடியும்.

"எழுதாதது உள்ள வரவே இல்லன்னு எனக்குச் சொல்லித் தந்ததே நீங்கதான். சரி, பில்லு?"

பில் ஏது? பில் இல்லாமல் வாங்கியதைச் சொல்லி, கடைக்காரரின் நம்பரைக் கொடுத்தார் செந்தமிழன். மணிகண்டபிரபு கடைக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். "கம்பெனி கேட்லருந்து பேசுதேன். காலைல பில்லு இல்லாம ஒருத்தருக்குப் பிளைவுட் குடுத்தீங்களா?"

"பில் இல்லாம நாங்க ஒரு ஆணி கூட விக்கிறதில்ல சார்," என்று கடைக்காரர் போனை வைத்துவிட்டார். வரி ஆபீஸ் என்று நினைத்திருப்பார், பாவம்.

வரிசையில் நின்ற எழிலரசி முன்னால் வந்தாள். "நான் பாத்தேன் சார். சாப்பாட்டு டைம்ல கார் உள்ள வரும்போதே பலகை மேல இருந்துச்சு. அண்ணா ஜன்னல் வழியா எறங்கினாரு. சிரிப்பு வந்துச்சு, அதான் ஞாபகம்."

மணிகண்டபிரபு அவளை ஏற இறங்கப் பார்த்தார். "உன் மேலயே கையுறை எடுத்த ரிப்போர்ட் இருக்கு. உன் பேச்ச எப்படிம்மா நம்ப?"

அந்த ரிப்போர்ட்டை எழுதிய கை செந்தமிழனுடையது. அவருக்கு இருந்த ஒரே சாட்சி அவள்தான்.

"அந்தப் பொண்ணு பொய் சொல்லாது சார்," என்றார்.

"அப்ப போன மாசம்?"

"கையுறை அவங்களுதுதான். விசாரிக்காம எழுதிட்டேன். தப்பு என்னுது."

வேலைக்காகச் சொன்னாரா, மனசாரச் சொன்னாரா என்று எனக்கு இன்னும் சந்தேகம் உண்டு. அவருடன் இத்தனை வருஷம் நின்றதில் ஒட்டிக்கொண்ட புத்தி.

"இதையே எழுதிக் குடுங்க, வார்னிங்க எடுக்கச் சொல்லுதேன். பலகையக் கொண்டு போங்க," என்றார் மணிகண்டபிரபு.

செந்தமிழன் அங்கேயே எழுதிக் கொடுத்தார். காருக்குத் திரும்பியவரின் எதிரில் எழிலரசி வந்து நின்று, பையின் ஜிப்பைத் திறந்து நீட்டினாள்.

"வேணாம்மா, மூடிக்கோ."

அவள் மூடவில்லை. அன்றைக்கு அவள் பையைக் கொட்டியபோது வேடிக்கை பார்த்தவர்களில் பாதிப் பேர் பின்னால் வரிசையில் நின்றிருந்தார்கள்.

"பாத்துட்டு, ஒண்ணும் இல்லன்னு சத்தமா சொல்லுங்கண்ணா," என்றாள்.