பாகம் பிரிக்காத பட்டியல்

தொண்ணூறுகளின் கடைசியில் மைசூர் சரஸ்வதிபுரத்தில், ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில், மூன்று பேர் கொண்ட மென்பொருள் கம்பெனியில் நான் மூன்றாவது ஆள். கணினி அறைக்குள் செருப்போடு போகக் கூடாது. தூசிக்குப் பயந்தா, பக்தியாலா என்று யாரும் கேட்டதில்லை. உள்ளே டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் நாள் முழுக்கத் தகரத்தைக் கிழித்துக்கொண்டிருக்கும். இப்போதைய பிரிண்டர்கள் சத்தமே போடுவதில்லை; வேலை நடக்கிறதா என்று எட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலாளி பிறப்பால் தமிழர், பழக்கத்தால் கன்னடர். எந்த மொழியில் தொடங்கினாலும் மற்றதில்தான் முடிப்பார். இரண்டாவது ஆள் என்னைவிட ஐந்து வயது மூத்த பெண். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போவார். மற்ற ஆறு நாளும் என் தவறுகளைத் திருத்துவார். அக்கா என்று கூப்பிடுவேன்.

எனக்கு அப்போது தகுதிகாண் பருவம். அது முடிந்து 'நிரந்தரம்' என்று ஒரு கடிதம் வந்தால்தான், அரசு ஊழியரான அப்பா அதை வேலை என்று ஒப்புக்கொள்வார். அதுவரை வீட்டில் நான் 'கம்ப்யூட்டர் பார்க்கப் போகிறவன்'. எங்கள் வாடிக்கையாளரான ஒரு பல் டாக்டரின் வேலையைப் பிசகில்லாமல் செய்தால் கடிதம் தருவதாக முதலாளி சொல்லியிருந்தார்.

வேலை இதுதான்: "மறுபடி வர வேண்டிய நாள் வந்துவிட்டது" என்று நோயாளிகளுக்கு நினைவூட்டும் தபால் அட்டைகளை அச்சடிப்பது. எழுதியது பெர்ல் மொழியில். அதில் நிரல்களை பேக்கேஜ் பேக்கேஜாகக் கட்டிவைப்பார்கள். ஒரு பேக்கேஜை இன்னொன்றுக்குத் தகப்பன் என்று அறிவித்துவிட்டால், தகப்பனுக்குத் தெரிந்த வித்தையெல்லாம் பிள்ளைக்கு வந்துவிடும். சொத்து மட்டும் வராது. அட்டையில் ஓரம் எவ்வளவு, தேதி எப்படி, கீழே என்னென்ன குறிப்புகள் என்பதையெல்லாம் ஒவ்வொரு பிள்ளையிலும் மறுபடி எழுத வேண்டும். எனக்கு இது அநியாயமாகப் பட்டது. இரண்டு வாரம் உட்கார்ந்து, இப்படிப்பட்ட எந்த விவரத்துக்கும் செல்லுபடியாகும் பொது வழி ஒன்று செய்தேன். முதலில் பிள்ளையிடம் கேள், இல்லையென்றால் தகப்பனிடம், அங்கும் இல்லையென்றால் தாத்தாவிடம். வேலை செய்தது. அன்று சைக்கிளில் வீட்டுக்குப் போகும்போது குக்கரஹள்ளி ஏரியைச் சற்று ஏளனமாகப் பார்த்தேன்.

அந்த மாதம் ஒரு கால்நடை டாக்டரும் வாடிக்கையாளராகச் சேர்ந்தார். அவருக்காக ஒரு புதுப் பிள்ளை. தகப்பனிடம் ஏற்கெனவே ஒரு குறிப்புப் பட்டியல் இருந்தது: பத்து நிமிடம் முன்னதாக வரவும், பழைய சீட்டைக் கொண்டு வரவும். அதைக் கேட்டு வாங்கி, அடியில் இரண்டு வரி சேர்த்தேன். கழுத்தில் கயிறு கட்டி அழைத்து வரவும். கடிக்கும் பழக்கம் இருந்தால் முன்கூட்டியே தெரிவிக்கவும்.

கால்நடை அட்டைகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். அதே ஓட்டத்தில் பல் டாக்டரின் அட்டைகளும் அச்சாகி வந்தன. இரண்டு மாதமாக ஒழுங்காக வந்துகொண்டிருந்தவை. அவற்றை எதற்குப் பார்ப்பது? அக்கா கட்டி எடுத்துப்போய்த் தபாலில் சேர்த்தார்.

மூன்றாம் நாள் முதலாளி தொலைபேசியை வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"டாக்டர் முன்னாடி ஒரு ரிடையர்டு ஹெட்மாஸ்டர் உக்காந்திருக்காராம். கயிறு ஊசிக்கு முன்னாடியா, அப்புறமான்னு கேக்கறாராம். ஏனப்பா இது?"

"எந்தக் கயிறு சார்?"

"அதத்தான் நானும் கேட்டேன். கடிக்கிறதைப் பத்தி வேற ஒரு லைன் இருக்காம், இதெயந்தெ." கையிலிருந்த பேனாவை மூடினார். "யார் அனுப்பிச்சது?"

அனுப்பியது அக்கா. இந்த உண்மை என் நாக்கு நுனிவரை வந்தது. என் கடிதம் சிறகு முளைத்துப் போவது கண்ணில் தெரிந்தது. "நான்தான் சார் எழுதினேன்" என்றேன். இதைப் பெரிய நேர்மை என்று கொள்ள வேண்டாம். அக்கா என் பின்னால்தான் நின்றிருந்தார்.

அக்கா பத்து நிமிடம் நிரலைப் படித்தார்.

"தம்பி, அப்பன் உனக்குப் பட்டியலைக் குடுக்கல. அது இருக்கிற எடத்தைக் காட்டினான், அவ்வளவுதான். நீ போய் அங்கேயே எழுதிட்டு வந்திருக்க. இப்ப எல்லாப் பிள்ளைக்கும் கயிறு."

"பிள்ளை கேட்டா குடுக்கணும்ல அக்கா?"

"காப்பி எடுத்துக் குடுக்கணும். பாகம் பிரிக்காத நெலத்துல நீ பாட்டுக்கு வெட்டினா, அண்ணன் வயல்ல குழி விழாதா?"

"உங்களுக்கு நிலம் இருக்கா?"

"இல்ல. அதான் தெளிவா தெரியுது."

காப்பி எடுக்க ஒரே ஒரு வரி போதுமாயிருந்தது. இரண்டு வாரத்தில் எனக்குத் தோன்றாத வரி.

சாயங்காலம் முதலாளி தன் ஸ்கூட்டரில் என்னை ஏற்றிக்கொண்டு மன்னிப்புக் கேட்கப் போனார். பல் டாக்டர் கோயம்புத்தூரில் பிறந்து மைசூருக்குக் கல்யாணமாகி வந்தவர். சிரிக்கவில்லை.

"அடுத்த மாசம் இப்படி வராதுன்னு நான் எப்படிங்க நம்பறது?"

முதலாளி என்னைப் பார்த்தார். எனக்குத் தெரிந்த ஒரே விளக்கம் அக்காவுடையது. நிலத்தையும் குழியையும் சொன்னேன். டாக்டர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். அவருடைய அப்பா வீட்டு நிலம் பல வருடமாகக் கோர்ட்டில் இருந்ததாம்.

"இப்பப் பிரிச்சாச்சுங்களா?"

"பிரிச்சாச்சு டாக்டர். ஆளுக்கொரு பட்டியல்."

"பரவால்லயே, எங்களதைவிட சீக்கிரம்." சற்று யோசித்தார். "கயிறை எடுத்துருங்க. அந்தக் கடிக்கிற வரி இருக்கட்டும். ரெண்டு மூணு பேர் நெசமாவே கடிக்கிறாங்க."

திரும்பும்போது முதலாளி சிக்னலில் ஸ்கூட்டரை நிறுத்தினார். அங்கே தலையைத் திருப்பாமல், "ஹோகலி பிடு, போனாப் போகுது. நாளைக்கு உன் லெட்டரை நீயே டைப் பண்ணி எடுத்துட்டு வா, சைன் போடறேன்" என்றார்.

அக்காவுக்கு முன்பு தந்த நிரந்தரக் கடிதம் கணினியில் இருந்தது. பெயரை மாற்றினால் போதும். எனக்குத் தைரியம் வரவில்லை. வெற்றுத் திரையில் முதல் வரியிலிருந்து நானே அடித்தேன். முதலாளி படிக்காமல் கையெழுத்துப் போட்டார். அப்பா இரண்டு முறை படித்தார்.

"எந்தத் தேதியிலேர்ந்து நிரந்தரம்னு போடலையே" என்றார். ஆனாலும் அதை மடித்து, ரேஷன் கார்டு இருந்த பைலில் வைத்தார்.