கிரேக்கச் சிப்பாய்களின் காலடி மண்

வேலை முடிந்து வந்த களைப்போடு, மேசைப் போர் விளையாட்டுக்கான கிரேக்கச் சிப்பாய்களுடன் உட்கார்ந்தேன். கட்டைவிரல் உயரப் பொம்மைகள். கேடயங்களுக்கு நேற்றே சிவப்புப் பூசிவிட்டேன். இன்று காலடித் தட்டுகளில் பசை தடவிக் கடற்கரை மண்ணைத் தூவ வேண்டும். விரலில் ஒட்டிய மண் உப்பாக மணத்தது.

கடல் ஊருக்குள் வந்தபோது எனக்கு எட்டு வயது. சில நாட்கள் கழித்துக் கல்முனையில் எங்கள் வீட்டுக்குத் திரும்பினோம். அரிசி வாளிக்குள் மண், தையல் மெசினுக்குள் மண். வாப்பா மண்வெட்டியால் அள்ளி அள்ளி வெளியே கொட்டினார். அறைக் கொடியில், கடல் கொண்டுபோன என் தங்கச்சியின் மஞ்சள் சட்டை விறைத்துத் தொங்கியது. வாப்பா அதை எடுத்து உதறப் போனார்.

"உதறாதீங்க" என்றார் உம்மா.

"மண்ணெல்லாம் இரிக்கி புள்ள."

"இரிக்கட்டும்."

வாப்பா சட்டையை அப்படியே மடித்து அலுமாரியில் வைத்துவிட்டு, மறுபடி மண்வெட்டியை எடுத்தார்.

இப்போது உம்மா தேத்தண்ணியோடு வந்து மேசையைப் பார்த்தார்.

"என்ன மண் மகன் இது?"

"கடற்கரை மண், உம்மா."

கோப்பையை மேசையின் ஓரத்தில் வைத்தார்.

"கீழ சிந்தாமச் செய் மகன். இனிக் கூட்ட எனக்கு ஏலா."