ஜோடியாக மாட்ட வேண்டிய வால்வு

திண்டிவனத்தில் இருக்கும் என் தங்கையின் கணவர் போன மாசியில் மாரடைப்பில் இறந்துபோனார். அவர் தன் கையால் செய்த வால்வு ஆம்ப்ளிஃபயரில் பாட்டுக் கேட்பதுதான் அவளுக்கு ஆறுதல். அதில் கண்ணாடி பல்பு போல எரியும் இரண்டு பெரிய வால்வுகளில் ஒன்று திடீரென்று அணைந்துபோனது. பார்ப்பதற்கு அதே மாதிரி இருந்த ஒன்றை ஆன்லைனில் வரவழைத்து நானே மாட்டிக் கொடுத்தேன்.

பாட்டு வந்ததும் அவள் கண்ணை மூடிக்கொண்டாள். சற்று நேரத்தில் புது வால்வின் உள்ளே இருந்த தகடு செக்கச்செவேலென்று பழுத்து, கருகிய வாடை அடித்தது. பாய்ந்துபோய் பிளக்கைப் பிடுங்கினேன்.

விழுப்புரத்தில் ரிப்பேர் செய்பவரிடம் இருவரும் எடுத்துப்போனோம்.

"நல்லவேளை, டிரான்ஸ்ஃபார்மர் போகல. இத ஜோடியா, ரெண்டும் ஒரே அளவு கரண்ட் இழுக்குதான்னு அளந்து பார்த்துதாம்மா மாட்டணும். ஒண்ணு போச்சின்னா இன்னொண்ணையும் எடுத்துடணும்" என்றார்.

"நல்லா எரிஞ்சிக்கினு இருக்கறத எதுக்குண்ணா எடுக்கணும்?" என்று கேட்ட தங்கை, கடையிலேயே உடைந்து அழுதாள். ரிப்பேர்காரர் அவளுக்கு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

இப்போது புது ஜோடியில் பாட்டு ஓடுகிறது. கழற்றிய பழைய வால்வைப் புடவைகளுக்கு நடுவே பத்திரமாக வைத்திருக்கிறாள். அளந்து பார்க்காத வால்வை நான் இனி மாட்டுவதில்லை. "நடந்தத மறந்துடு" என்று அவர் போனதிலிருந்து அவளிடம் சொல்லிவந்ததையும் நிறுத்திவிட்டேன்.